அம்மாவின் வளவு யார் பெயரில்?

சென்ற மாதம் படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மண்முனைத் துறையில் பாதைக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. 2014 இல் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்க இரண்டு நிமிடம்தான். ஆனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் கந்தோர்களுக்கு வந்து ஒரு கடதாசியைச் சரிசெய்து கொண்டு திரும்ப எடுக்கும் காலம் மட்டும் குறையவில்லை.

பாலர் பாடசாலைக் கட்டிடத்தில் கூட்டம். காணி பற்றிக் கதைப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் எல்லோருடைய கையிலும் ஒரு சொப்பிங் பேக். உள்ளே அடையாள அட்டைப் பிரதி, மரணச் சான்றிதழ், விதானையார் கொடுத்த துண்டு, மடிப்புகளில் கிழிந்த பேமிற். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா தன்னுடையதைப் பிரித்து என் மடியில் வைத்தார். 2007 இல் ஷெல்லுக்குப் பயந்து வாவியைக் கடந்து ஓடிவந்தபோது அரிசியையும் பானையையும் விட்டுவிட்டு இந்தப் பேக்கைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாராம்.

"ஆனா மனே, கந்தோரில என்ன சொல்லுறாங்க தெரியுமா? ஆம்பிளப் புள்ள இரிக்கக்குள்ள உங்கட பேர எப்பிடி எழுதுற எண்டு கேக்கிறாங்க."

அந்தக் காணி அவருடைய அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அப்பா தொண்ணூறுகளில் நோயில் இறந்தார். அம்மா அதே வளவில் வாழ்ந்து 2023 இல் கண்மூடினார். அக்காவும் அங்கேதான் இருந்தார். கணவன் இல்லை. ஒரு மகன், ஒரு மகள். முன்வளவில் ஒரு சிறிய மா அரைக்கும் மில் வைத்திருக்கிறார். அரிசி, மிளகாய், குரக்கன் என்று அயல் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். இன்னுமொரு மெசின் போட வங்கியில் கடன் கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. காணி யார் பெயரில் என்று வங்கி கேட்டது. இறந்துபோன அப்பாவின் பெயரில். பின்னுரித்தாளர் என்று எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

அக்காவுக்கு ஒரு தம்பி இருக்கிறார். ஏழு வயது இளையவர். எழுவான்கரையில் மனைவியின் வீட்டில் இருக்கிறார். அதாவது அவர் இருப்பது மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில். எங்கள் மட்டக்களப்பு வழக்கம் அதுதானே.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எங்கள் ஊரைப் பற்றித் 'தாய்வழி' என்று குறிப்பெடுத்துப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். குடி தாய்வழியாக வரும், மணமானபின் ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போவான், வீடும் வளவும் மகளுக்கு. தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் கடைசி மகளோடு ஒதுங்கிக் கொள்வதை நீங்கள் உங்கள் ஒழுங்கையிலேயே பார்த்திருப்பீர்கள். இந்த வழக்கம் இருப்பதால் எங்களுடைய பெண்களுக்குக் காணி, வீடு பற்றிப் பயமில்லை என்று நானும் நம்பிக் கொண்டிருந்தேன். வேலைக்கு வந்து பேமிற் கடதாசிகளைக் கையிலெடுத்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இலங்கையில் ஒரு காணி யாருக்குப் போகும் என்பது முதலில் அது என்ன காணி என்பதில் இருக்கிறது. உறுதிக் காணி என்றால், எங்கள் மாவட்டத்துத் தமிழருக்கு 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். (தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு, எங்களுக்கு அது இல்லை.) இறந்தவர் மரணசாசனம் எழுதாவிட்டால் பாதி வாழ்க்கைத்துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. முஸ்லிம் சகோதரிகளுக்கு முஸ்லிம் சட்டப்படி பங்கு வரும்.

ஆனால் அரசாங்கம் கொடுத்த பேமிற் காணிக்கும் அளிப்புக் காணிக்கும் இவை ஒன்றும் செல்லாது. அங்கே 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆட்சி செய்கிறது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோருக்கும் ஒரே சட்டம். அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. காடு வெட்டி வயலாக்கி ஏழைக் குடியானவனுக்குக் கொடுப்பது, அந்தத் துண்டு மேலும் மேலும் துண்டாகாமல் ஒரு கையில் வைத்திருப்பது என்பது எண்ணம். ஆகவே ஒருவர் இறந்தால் இன்னொருவர் மட்டும். அந்த ஒருவர் யார் என்று மூன்றாம் அட்டவணையில் ஒரு வரிசை போட்டார்கள். மகன்மார், அதன் பிறகு மகள்மார். பேரன்மார், பிறகு பேத்திமார். தகப்பன், பிறகு தாய். சகோதரன், பிறகு சகோதரி. மாமன், மாமி, மருமகன், மருமகள் வரை அதே ஒழுங்கு. ஒவ்வொரு படியிலும் ஆண் முதலில், ஒரே படிக்குள் மூத்தவர் முதலில்.

கமக்காரன் என்றால் வேட்டி கட்டிய ஆள் என்று நினைத்தவர்கள் எழுதிய வரிசை அது. நாற்று நட்டவள், களை பிடுங்கியவள், யானைக் காவலுக்குப் பந்தம் கொளுத்தியவள் அவர்களுடைய கண்ணில் படவில்லை. தாய்வழியாக வீடு போகும் ஒரு மாவட்டம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதும் படவில்லை.

இதனால் நடந்ததைப் பாருங்கள். அந்தத் தம்பி வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டார். சட்டப்படி தாயின் வளவும் அவருக்கு. அக்காவுக்கு வழக்கப்படி அது வீடு. சட்டப்படி அவர் அங்கே தம்பியின் தயவில் இருக்கிறார். எழுபது எண்பது வருடமாக எங்கள் குடும்பங்கள் இதை வாய்ப்பேச்சில் சமாளித்து வந்திருக்கின்றன. சகோதரன் நல்லவன் என்றால் பிரச்சினை வெளியே வராது. அவனுக்குக் கடன் வந்தால், அல்லது காணிக்கு விலை ஏறினால், அன்றைக்கு வரும்.

கணவனை இழந்தவர்களைச் சட்டம் முழுவதாகக் கைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பேமிற்காரர் இறந்தால், அவர் பெயர் எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும், வாழ்க்கைத்துணை அந்தக் காணிக்கு உரித்தாகலாம் என்று பின்னாளில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அக்காவின் அம்மா அப்படித்தான் இருந்தார். ஆனால் அந்தப் பிரிவுக்குள் இருந்த நிபந்தனைகளை அவருக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. மறுமணம் செய்தால் உரித்து முடிந்துவிடும். விற்க முடியாது. எல்லாவற்றிலும் மோசமானது, தனக்குப் பின் யார் என்று பெயர் எழுதும் அதிகாரமும் இல்லை. "இந்த வளவு உனக்குத்தான்டி மகள்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுக்கும் உரிமையே இருக்கவில்லை. சட்டத்தில் 'வாழ்க்கைத்துணை' என்று பொதுவாகத்தான் இருந்தது. பேமிற்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்ததால் அடி விழுந்தது பெண்களில்.

இன்னுமொரு நிபந்தனை இருந்தது. இறந்து ஆறு மாதத்துக்குள் காணியில் போய் இருக்கவேண்டும். இதைக் கூட்டத்தில் வாசித்தபோது ஒரு வயதான அம்மா சிரித்துவிட்டார். 1990 இல் கணவனைப் பறிகொடுத்து முகாமிலும் உறவினர் வீட்டிலுமாக அலைந்தவர் அவர். ஆறு மாதத்தில் அல்ல, ஆறு வருடத்திலும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியவில்லை. யுத்தமே இல்லாத நாட்டுக்கு எழுதிய சட்டம்போல இருக்குது என்றார். உங்களில் யாருக்காவது இந்த ஆறு மாதத்தைக் காட்டி மறுத்திருந்தால், ஏன் போக முடியவில்லை என்பதை எழுத்தில் கொடுங்கள். முகாமில் இருந்த பதிவு, நிவாரண அட்டை, இடம்பெயர்ந்தோர் கடிதம் எதுவென்றாலும் இணையுங்கள். பழைய நிவாரண அட்டையை அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் காணி அபிவிருத்தித் திருத்தச் சட்டம் அந்தப் பழைய வரிசையை மாற்றியது. மகன்மார், பிறகு மகள்மார் என்றிருந்த இடத்தில் ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகள். மற்றப் படிகளிலும் அப்படியே. பெண்கள் அமைப்புகள் பல வருடம் கேட்டுக் கேட்டுக் களைத்த விடயம் இது. எண்பத்தேழு வருடம் எடுத்திருக்கிறது. அந்த வருடம் நாட்டில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசை. பெண்கள் நின்ற வரிசை பத்திரிகையில் வந்தது, பெண்களுக்காக மாறிய வரிசையை யாரும் பெரிதாக எழுதவில்லை.

அக்காவின் அம்மா இறந்தது 2023 இல். சட்டம் மாறிய பிறகு. பெயர் எழுதாத காணி. பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவர் அக்கா. ஆகவே "ஆம்பிளப் புள்ள இரிக்கக்குள்ள" என்ற பேச்சுக்கு இடமில்லை. அதைச் சொன்னவர் வேண்டுமென்று சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. இருபது வருடமாக ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய். சட்டம் கொழும்பில் மாறும், மேசைக்கு வந்து சேர நாள் எடுக்கும். அதுவரை அந்த மேசைக்கு முன்னால் நிற்பவர்தான் அதைக் கையில் கொண்டு போகவேண்டும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். சட்டத்தின் தமிழ்ப் பிரதியை எடுத்து, உரிய பக்கத்துக்குக் கோடிட்டு, அக்காவின் பிறப்புச் சான்றிதழ், அப்பாவினதும் அம்மாவினதும் மரணச் சான்றிதழ்கள், பேமிற் பிரதி, தொடர்ந்து அங்கேயே வசிக்கிறார் என்ற விதானையாரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விண்ணப்பம். ஒன்று அவர்களுக்கு, மற்றதில் கையொப்பமும் திகதி முத்திரையும் வைத்து எங்களுக்கு. அந்த இரண்டாவது பிரதியைக் கேட்க அக்கா கூச்சப்பட்டார். "கோவிப்பாங்களோ?" என்றார். கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் கேளுங்கள். நாளைக்குப் பைல் காணாமல் போனால் உங்களிடம் இருப்பது அந்த முத்திரை மட்டும்தான்.

உங்கள் அம்மா அப்பா உயிரோடு இருந்தால் இவ்வளவு அலைச்சல் தேவைப்படாது. பேமிற்காரரே பின்னுரித்தாளரை நியமித்து எழுதலாம். மகளுடைய பெயரை எழுதச் சட்டம் ஒருகாலமும் தடை சொல்லவில்லை. எழுதாமல் விட்டதால்தான் அந்தப் பழைய வரிசை உள்ளே புகுந்தது. ஒன்றை மறக்கவேண்டாம். எழுதினால் போதாது, அவர் உயிரோடு இருக்கும்போதே அது பதியப்பட வேண்டும். மரணப் படுக்கையில் சொன்னது, தாலிகட்டும்போது சபையில் சொன்னது, வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தது ஒன்றும் நிற்காது. மாமியின் முன்னால், மச்சானின் முன்னால் சொன்னார் என்று எத்தனை சாட்சியைக் கூட்டி வந்தாலும் நிற்காது. பிரதேச செயலகத்தில் காணிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போய்ப் பேரேட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அளிப்புப் பத்திரம் என்றால் காணிப் பதிவகத்திலும் பாருங்கள். இருபது வருடத்துக்கு முன் எழுதிய பெயர் இறந்துபோன அண்ணனுடையதாகவும் இருக்கலாம். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு அப்படித்தான் இருந்தது.

இந்தக் கவனம் இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம். சுவர்ணபூமி, ஜயபூமி, ரண்பிம என்று அரசாங்கங்கள் பெயர் மாற்றி மாற்றிப் பத்திரம் கொடுத்த நாடு இது. 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் 'உறுமய' என்ற பெயரில் முழு உரிமை உறுதி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். முழு உறுதி வந்தால் விற்கலாம், ஈடு வைக்கலாம், அரசாங்கத்தைக் கேட்கத் தேவையில்லை. நல்லதுதான். ஆனால் அந்த உறுதி பேரேட்டில் இருக்கும் பெயரைத் தேடித்தான் வரும். பெயர் பிழையாகக் கிடக்கும்போது முழு உறுதி வந்தால் பிழை முழுமையாகிவிடும். எந்தத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், மேடைக்கு ஆள் கூப்பிடுமுன் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.

சுனாமிக்குப் பிறகு நடந்ததை நாவலடி, திருச்செந்தூர்ப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடல் கொண்டுபோனது பெண்களின் சீதன வீடுகளை. திராய்மடு போன்ற இடங்களில் புதுவீடு கொடுக்கும்போது கந்தோர்கள் தேடியது 'குடும்பத் தலைவரை'. தலைவர் என்றால் கணவன். தாய் தந்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண், மாற்று வீட்டில் கணவனின் பெயருக்குக் கீழே குடியிருந்தாள். விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கூடு இருந்தால் எழுதுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

கணவன் காணாமல் போனவர்களின் நிலை வேறு. அந்தக் கூட்டத்தில் என் வயதுத் தங்கச்சி ஒருவர் இருந்தார். கணவனின் பெயரில் பேமிற். மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள். எடுக்கமாட்டேன் என்கிறார். "அவர் செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வெச்சா, பிறகு ஆர் அவரத் தேடுற?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வழி ஒன்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். இறந்தார் என்று அது சொல்லாது. தேடுவதை நிறுத்தாது. அதைக் காட்டிக் காணாமல் போனவரின் சொத்துக்களைப் பராமரிக்கவும் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் திகதியைக் கவனித்துப் புதுப்பிக்க வேண்டும். கையில் இதை வைத்துக்கொண்டே மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றால், என்ன காரணம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

உறுதிக் காணியை விட்டு ஓடி, திரும்பி வந்து பார்த்தால் அதில் வேறொருவர் வீடு கட்டியிருக்கிறார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். யுத்தத்தால் வர முடியாதவர்களுக்காக 2016 இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம். அந்த அவகாசம் 2018 இல் முடிந்துவிட்டது. எங்கள் கிராமங்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? நான் கேள்விப்பட்டதே அது முடிய மூன்று மாதம் இருக்கும்போதுதான். இப்போதும் வழக்குக்கு வழி இருக்கிறதா என்பது ஒவ்வொருவரின் கதையையும் பொறுத்தது. சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அரச காணிக்கு இந்த ஆட்சியுரிமை செல்லாது என்பதையும் தெரிந்து வையுங்கள். நாற்பது வருடம் இருந்தாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அது உங்களுடையது ஆகாது.

அக்காவின் விசாரணைக்கு நானும் போனேன். தம்பியும் வந்திருந்தார். நான் சண்டைக்கு ஆயத்தமாகப் போயிருந்தேன், ஆள் அமைதியாக ஒரு ஓரத்தில் இருந்தார். "இது லாத்தாட வளவுதான் எண்டு எனக்குத் தெரியாதா" என்று சொல்வார் என எதிர்பார்த்தால் ஏமாந்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. தனக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேருக்கும் வீடு கட்டவேண்டும், இந்தக் காணியில் பாதியென்றாலும் வந்தால் உதவியாக இருக்கும் என்றார். அவருடைய கஷ்டமும் பொய்யில்லை. மகள்களுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சகோதரியின் வீட்டைக் கேட்கிறார். அக்கா ஒன்றும் பேசவில்லை. உத்தியோகத்தர் கோடிட்ட பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். திருத்தம் நடைமுறையில் இருப்பதாகக் குறிப்பெழுதி, மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். தம்பி ஆட்சேபனை எழுதிக் கொடுக்கவும் இல்லை, சம்மதம் எழுதிக் கொடுக்கவும் இல்லை. போகும்போது அக்காவின் பஸ் காசையும் அவர்தான் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது, பெயர் மாறி வந்தவுடன் பின்னுரித்தாளரை எழுதிவிடுங்கள் என்று அக்காவுக்கு நினைவூட்டினேன். மூத்தவன் மகன், கட்டாரில் வேலை, மில்லுக்கு முதல் மெசின் வாங்கக் காசு அனுப்பியவன். இளையவள் மகள், இன்னும் கலியாணம் ஆகவில்லை, மில்லை ஓட்டுபவள் அவள்தான். வழக்கப்படி வளவு மகளுக்கு. இவ்வளவு நாளும் தம்பியோடு நியாயம் கேட்டவர் இந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியபிறகு நியமனப் படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, நாலாக மடித்து, அதே சொப்பிங் பேக்கில் வைத்தார்.

"வெள்ளிக்கிழம அவனுக்கு லீவு. கோல் எடுப்பான். அவனோட கதைச்சிப் போட்டுச் சொல்றன் மனே."